வாசிக்கும்போது நிறுத்தக் கூடாது

கோளாம்பிக்குள் குளவி கூடு கட்டினால் சத்தம் மூக்கடைத்துப் போகும். கூம்பு ஸ்பீக்கரை எங்கள் பக்கம் கோளாம்பி என்றுதான் சொல்வோம், உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு மழைக்காலமும் நான்தான் ஏணி வைத்து ஏறி, ஈர்க்குச்சியால் மண்கூட்டைக் குத்தி எடுப்பேன். கெமிஸ்ட்ரி லெக்சரருக்கு எதற்கு இந்தக் குரங்கு வேலை என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. இந்த வாக்குமூலத்தையும் அப்படித் தர மாட்டேன்.

நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஸார், நான் தமிழில் சொல்கிறேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே வேலை பார்க்கிற போலீஸ்காரருக்கு இரண்டும் ஓடும். எழுதி முடித்ததும் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். குறிப்பாக 'மனநிலை சரியில்லாமல்' என்று எதையாவது சேர்த்துவிடாதீர்கள். நான் தெளிவாகத்தான் இருந்தேன். அன்றைக்கு மாதிரி நான் தெளிவாக இருந்த நாள் குறைவு.

என் பெயர் தாணுமாலயன். வீடு கொல்லயிலில். கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்தும் கல்லூரி என்றாலும் என்னை அங்கே யாரும் வேறாக நடத்தியதில்லை. கல்லூரி வானொலியை என் கையில் கொடுத்ததும் அவர்கள்தான். வானொலி என்பது பெரிய பேச்சு. லைசென்ஸும் கிடையாது, ஒலிபரப்புக் கோபுரமும் கிடையாது. நூலகத்தின் பின்னால் ஒரு அறை, ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக், அங்கிருந்து வயர் இழுத்து கேன்டீன், ஹாஸ்டல், மரத்தடி என்று கட்டிவிட்ட கோளாம்பிகள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சாயங்காலம் வகுப்பு விட்ட பிறகும் ஓடும். திங்கட்கிழமை மலையாள சினிமாப் பாட்டு, செவ்வாய்க்கிழமை தமிழ்ச் சினிமாப் பாட்டு, புதன்கிழமை பைபிள் வாசிப்பு. வியாழன் சாயங்காலம் என்னுடையது.

என் சித்தப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தான். ஒவ்வொரு துறைமுகத்திலும் எனக்காக ஜாஸ் கேசட் வாங்கிவருவான். உங்களுக்கு ஜாஸ் பழக்கமில்லை என்று நினைக்கிறேன். சுலபம்தான். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை முதலில் நேராக வாசிப்பார்கள். பிறகு அதை விட்டு இறங்கி நடப்பார்கள். எங்கே போய்ச் சேருவோம் என்று வாசிக்கிறவருக்கே தெரியாது. செங்கல் ஊர்க் கோயிலில் நாதஸ்வரக்காரர் ராகத்தை விரிக்கும்போது ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொள்வார், பார்த்திருப்பீர்கள். அதே காரியம்தான். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வாசிக்கும்போது நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அது அங்கேயே போய்விடும். அதே ஆள், அதே வாத்தியம், அதே மெட்டு, எல்லாம் இருந்தாலும் மறுபடி வராது.

பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. அதை மறைப்பானேன். கேன்டீன் வாசலில் ஒருத்தன் என்னை நிறுத்தி, "ஸாரே, இந்தப் பாட்டு எப்பவாவது தொடங்குமா, இல்ல இப்பிடியே சுருதி சேத்துக்கிட்டுத்தான் இருப்பாங்களா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'வியாழக்கிழமைச் சாவு'. எனக்குக் கோபம் வரும். ஆனாலும் ஒரு வியாழன்கூட நான் விட்டதில்லை. யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நம்பித்தான் எல்லாரும் மைக் முன்னால் உட்காருகிறோம்.

இந்த இடத்தில் இரத்தம் கேட்கும் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வயலுக்கு அந்தப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது அல்லவா, அங்கே அவசரமாக இரத்தம் தேவைப்பட்டால் கல்லூரிக்கு ஃபோன் செய்வார்கள். மைக்கில் யார் இருந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, இன்ன குரூப் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் சோற்றுக் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவருவார்கள். போர்ட்டிகோவில் ஜீப் நிற்கும். ஏறினால் ஆஸ்பத்திரி. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் சட்டத்தைவிட உறுதி. பிரின்சிப்பலின் கிறிஸ்துமஸ் செய்தியையே பாதியில் நிறுத்தி 'பி பாசிட்டிவ் வேணும்' என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருமுறை ஃபோன் செய்துவிட்டால் அதற்குமேல் கவலைப்படுவதில்லை. வேறு ஆள் அனுப்புவதும் கிடையாது. கல்லூரியில் சொல்லியாச்சு, வந்துவிடுவார்கள், அவ்வளவுதான். நானும் எத்தனையோ தடவை அறிவித்திருக்கிறேன். நல்ல ஓட்டத்தில் இருக்கும் ஒரு டிரம்பெட்டின் கழுத்தைத் திருகுகிற மாதிரி இருக்கும். ஆனாலும் செய்தேன். அது கேசட், மறுபடி ஓட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

விபின் வாசித்து நான் முதலில் கேட்டது ஒரு அடக்கத்தில். எங்கள் டிபார்ட்மென்ட் அட்டெண்டரின் மாமனார் இறந்துபோயிருந்தார். சபையின் பேண்டு செட் முன்னால் போக, நாங்கள் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். எல்லாருக்கும் தெரிந்த கீர்த்தனைதான். திடீரென்று ஒரு கிளாரினெட் மெட்டை விட்டு விலகியது. தவறு செய்கிறான் என்று நினைத்தேன். அது தவறில்லை. கீர்த்தனையின் நிழலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் எங்கோ நடந்துவிட்டு, அடுத்த சரணத்துக்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டது. பேண்டு மாஸ்டர் திரும்பி முறைத்தார். எனக்கு நடு ரோட்டில் கண் நிறைந்துவிட்டது. எவ்வளவோ தேடியது நம் பாறசாலை ரோட்டில், வெள்ளைச் சட்டையும் நீலத் தொப்பியும் போட்டு நடந்துகொண்டிருக்கிறது. விசாரித்தால் எங்கள் கல்லூரிதான், பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அப்பா ஈசாக்குக்கு உதயன்குளங்கரையில் சைக்கிள் கடை. அம்மா இல்லை. ஒரே அக்கா, ஜிஜா.

அடுத்த வியாழனே அவனை மைக் முன்னால் உட்கார வைத்தேன். கேசட் பாதி, விபின் பாதி. பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தினார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சிலர் மரத்தடியில் நின்று கேட்டார்கள். வயலைப் பார்த்து இருந்த கோளாம்பியின் சத்தம் ஆஸ்பத்திரி வரைக்கும் போகும். அங்கே வார்டில் கிடக்கிறவர்கள்கூட வியாழக்கிழமைக் குழலைக் கேட்பார்கள் என்று சத்தியபாய் சிஸ்டர் சொல்லியிருக்கிறார். இரத்தத்துக்கு ஃபோன் செய்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

விபின்மேல் எனக்குப் பிரியம் உண்டு. இதை அப்படியே எழுதுங்கள். என் வீட்டில் அவன் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். என் மனைவி குமாரி மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அவனுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைப்பாள். ஆனால் பிரியம் இருப்பதால் குறை தெரியாமல் போய்விடாது. சாதாரண நாட்களில் அவன் சுத்தமாக வாசிப்பான், அவ்வளவுதான். மெட்டை விட்டு வெளியே போகத் தயங்குவான். அந்த அடக்கத்தில் கேட்டது வரவில்லை. ஏன் என்று பல வாரம் யோசித்தேன். ஒரு வியாழன் அவன் மூஞ்சி செத்துப்போய் வந்தான். கெமிஸ்ட்ரி இன்டர்னலில் தோற்றிருந்தான். வேறு யாரும் இல்லை, நான்தான் தோற்கடித்திருந்தேன், நியாயமாகத்தான். அன்றைக்கு வாசித்தான் பாருங்கள். நான் அறிமுகம் சொல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பேண்டு செட்டோடு அடக்கம் செய்த அந்தக் கிழவர் விபினுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவராம். மனதில் ஏதாவது ஒன்று உறுத்தினால்தான் அவனுக்குக் கதவு திறக்கிறது.

அதன் பிறகு நான் அவனைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. மைக் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால், போகிற போக்கில் சொல்கிற மாதிரி, "எலே விபின், இன்னைக்குக் காலத்த ஒங்க அப்பாவப் பாத்தேன். பஸ் ஸ்டாப்பில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரே, சுகமில்லையா?" என்பேன். அவன் முகம் மாறும். உடனே மைக் ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு பல்பைப் போட்டுவிடுவேன். நிகழ்ச்சி முடிந்ததும், "பயப்படாதே மக்கா, அது வேற ஆளாயிருக்கும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவேன். ஒரு வாரம் அவன் அக்கா. அவள் புருஷன் ஜிஜின் சவூதியில் இருந்தான். அவனைப் பற்றி ஒரு பேச்சுக் கேட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன பேச்சு என்று சொல்லாமல் விட்டேன். வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை போடுகிறோம் இல்லையா, தானாகப் பழுக்கட்டும் என்று யார் காத்திருக்கிறார்கள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மாலையில் அவன் வீட்டுக்குப் போய் அப்பாவைப் பார்த்தால் அதோடு பயம் தீர்ந்துவிடும். வாசித்தது மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் என் மேஜைமேல் இருந்த டேப் ரிக்கார்டரில் பதிவு செய்துகொண்டு வந்தேன். பம்பாயில் ஜாஸ் கச்சேரி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நல்லதாக ஒன்று கிடைத்தால் அவர்களுக்கு அனுப்பலாம் என்பது என் எண்ணம். விபினின் எதிர்காலத்துக்காகத்தான்.

ஆனால் பொய் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போயிற்று. "ஸாரே, நீங்க பாத்தது எல்லாம் வேற ஆளாக்கும்" என்று ஒருநாள் சிரித்துவிட்டான். அன்றைக்கு வாசித்தது மகா மோசம்.

இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் நாளுக்கு வருகிறேன். தொண்ணூற்று ஏழாம் வருஷம், துலா மாதம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் விபின் என்னைத் தேடி லேபுக்கு வந்தான். கையில் கிளாரினெட் பெட்டி இல்லை.

"ஸாரே, இன்னைக்கு வாசிக்க எனக்கு ஒக்காது. அக்காவ காலத்த அட்மிட் செய்தாச்சு. ஏதாவது வந்தா ரத்தம் குடுக்க நான் பக்கத்தில நிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அவளுக்கு ஓ நெகட்டிவ் ஆக்கும். எனக்கும் அதுதான்."

முதல் பிரசவத்தில் ஜிஜா பிழைத்ததே பெரிய காரியம், பிள்ளை பிழைக்கவில்லை என்று சொன்னான். சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. கிளாரினெட் வாசிக்கிறவனின் உதடு என்பதால் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது.

"எலே மக்கா, வார்டு வராந்தாவில நின்னு நீ என்ன செய்யப் போற?" என்றேன். "ஆஸ்பத்திரி எட்டிப் பிடிக்கிற தூரத்தில உண்டு. ஃபோண ரேடியோ ரூமுக்கே போடச் சொல்லுதேன். ஜீப்பு வாசல்ல நிக்கும். அவங்க விளிச்ச உடனே நான் சொல்லுவேன், நீ ஏறிப் போயிரு. அங்க நின்னா வெறும் பயமும் பேடியுந்தான். இங்க வாசிச்சா அவளுக்கும் கேக்கும். அவளுக்கு ஒரு தைரியம்."

"ஒறப்பா சொல்லுவீங்களா ஸாரே?"

"நான் சொல்லாம வேற யாருலே சொல்லுவா?"

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. ஃபோன் வந்தால் சொல்லிவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். இதை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவிடம் விவரம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்தான். அப்பாவும் சரி என்றாராம். ஸார் ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறார், ஜீப் நிற்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று சொன்னாராம். நான் ஆஃபீஸ் அட்டெண்டர் ராஜையாவிடம் லைனை ரேடியோ அறைக்கு மாற்றச் சொன்னேன். மணிச்சத்தம் பதிவில் விழாமலிருக்க ஃபோனின் மேல் ஒரு துண்டைச் சுற்றி வைத்தேன். எப்போதும் செய்வதுதான்.

சாயங்காலம் அவன் தொடங்கினான். முதலில் அந்தக் கீர்த்தனையை நேராக வாசித்தான். மழை நின்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே தவளைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டாம் முறை பல்லவிக்கு வந்தபோது அவன் மெட்டைக் கையிலிருந்து விட்டான். நான் எத்தனையோ பெரியவர்களைக் கேசட்டில் கேட்டிருக்கிறேன் ஸார். அவர்கள் எவரும் அந்த இடத்துக்குப் போனதில்லை. தெரிந்த ஒரு வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஒருத்தியின் பெயரைச் சொல்லிக் கேட்பது மாதிரி இருந்தது. கண்ணை இறுக்க மூடியிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

அப்போது ஃபோன் அடித்தது. துண்டுக்குள்ளே, ஒரு வண்டு முனகுகிற மாதிரி. விபினுக்குக் கேட்கவில்லை. நான் எடுத்தேன். சத்தியபாய் சிஸ்டர்தான். ஜிஜாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆனால் இரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே வேண்டும் என்றார். நான், "ஆமா... ஆமா... சரி சிஸ்டர்" என்றேன். வைத்தேன். பிறகு ரிசீவரை எடுத்து மேஜைமேல் கிடத்தினேன்.

ஏன் என்று நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள். நான் ஒரே விதமாகத்தான் சொல்ல முடியும். அவன் நடுவில் இருந்தான். இந்த ஏற்றம் முடியட்டும், இறங்கி மெட்டுக்கு வந்ததும் தோளைத் தட்டலாம் என்று நினைத்தேன். அவன் இறங்கவில்லை. இறங்குவான் என்று நினைத்த இடத்தில் எல்லாம் இன்னும் மேலே போனான். ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு சுற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு சுற்றும் அதற்கு முந்தினதைவிட நன்றாக இருந்தது. எந்தச் சுற்றில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஈசாக் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வயலுக்கு மேலே மகனின் கிளாரினெட் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பதறவில்லை. ஃபோன் போயாச்சு, பிள்ளை புறப்பட்டிருப்பான், தாணுமாலயன் ஸார் அவன் பழைய கேசட்டைப் போட்டிருக்கிறார், அதுதான் கேட்கிறது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாராம். இரத்தம் கேட்டு ஃபோன் வந்த பிறகும் கல்லூரியில் ஒருத்தன் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பான் என்று இந்தப் பக்கத்தில் யாருக்குமே நினைக்க வராது. அந்த நம்பிக்கையில் அவர் நின்ற நேரம்தான் எனக்குக் கிடைத்த நேரம். சிஸ்டர் மறுபடி மறுபடி விளித்துப் பார்த்திருக்கிறார், லைன் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் ஈசாக் வயல் வரப்பு வழியாக ஓடிவந்தார். கல்லூரி கேட்டில் அவர் தலை தெரிந்தபோது விபின் இறங்கி முடித்திருந்தான். நான் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். "ஒங்க அப்பா வந்திருக்காரு, போ" என்றேன்.

அவன் போய்ச் சேருவதற்குள் ஜிஜா இறந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது.

மழையில் லைன் கெட்டுவிட்டது, பாதியில் அறுந்துபோனது, எனக்கு ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், பிறகு லைனே கிடைக்காததால் சத்தியபாய் சிஸ்டரும்கூட. நம் டெலிஃபோன் லட்சணம் அப்படி. ராஜையா மட்டும், லைன் நன்றாகத்தான் இருந்தது, எக்ஸ்சேஞ்சில் தானே பேசிப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டே திரிந்தார். அவர் அந்த நேரம் லைனைக் கவனிக்காமல் டீ குடிக்கப் போயிருந்தார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் கிளப்பவில்லை, மறுக்கவும் இல்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். சபையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காராமல் ஆனார்கள். பென்ஷனுக்கு இன்னும் காலம் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டார். அது எனக்கு வருத்தம்தான்.

ஜிஜாவின் அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். பையில் டேப் ரிக்கார்டர் இருந்தது. எதையும் மறைக்கப் போவதில்லை என்று சொன்னேனே. பேண்டு செட் முழுவதும் வந்திருந்தது. ஆனால் விபின் வாசிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டு நடந்தான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

பிறகு அவன் எப்போதுமே வாசிக்கவில்லை. பரீட்சை எழுதினான், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினான், அக்காவின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். வியாழக்கிழமைகளில் நான் வெறும் கேசட்டை ஓட்டினேன். அவன் கையில் இருந்தது இப்படி வீணாகிறதே என்று எனக்கு ஆற்றாமை. அன்றைக்கு அவன் எங்கே போய்வந்தான் என்று அவனுக்கே தெரியாது, வாசித்தவன் அதைக் கேட்டதில்லையே. அதைக் கேட்டால் மறுபடி குழலைத் தொடுவான் என்று நினைத்தேன். ஒருநாள் அவனை வற்புறுத்தி ரேடியோ அறைக்கு அழைத்துவந்து, கதவைச் சாத்தி, அந்த டேப்பைப் போட்டேன்.

அதில் என் குரலும் இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லையா என்று கேட்டீர்கள். அந்த டேப்பை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கிளாரினெட்டைக் கேட்டுக் கேட்டு, என் குரல் என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. அழித்திருக்கலாம்தான். என் குரலை அழித்தால் அந்த இடத்தில் அவன் வாசித்ததும் அழியும்.

விபின் தலையைக் குனிந்து கேட்டான். வண்டு முனகுகிற சத்தம் வந்தபோது தலையைத் தூக்கினான். "ஆமா... ஆமா... சரி சிஸ்டர்."

"இது எப்ப வந்த ஃபோணு ஸாரே?" என்றான்.

"அத விடு மக்கா," என்றேன். "இதுக்குப் பெறவு நீ ஏறுத ஏற்றத்தக் கேளு."

அவன் கேட்டான். கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டான், அதற்காக அவனை நான் மதிக்கிறேன். அந்த ஃபோனுக்குப் பிறகு தான் எவ்வளவு நேரம் வாசித்தோம் என்பதைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. டேப் நின்றதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தான். மறுநாள் அவனும் ஈசாக்கும் உங்களிடம் வந்தார்கள்.

ஈசாக் இந்த ஸ்டேஷனில் என்னைப் பார்த்தபோது ஒன்றுதான் கேட்டார். "எங்க பிள்ள ஒங்களுக்கு என்ன செய்தா ஸாரே?" ஒன்றும் செய்யவில்லை, அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, அவளை நான் பார்த்ததுகூட இல்லை என்று சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியவில்லை என்று நீங்கள் உங்கள் ரைட்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அது உங்கள் பாடு. கேஸ் நிற்காமல் போகலாம், நான் வீட்டுக்குப் போகலாம். குமாரி அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கோளாம்பிகளைக் கழற்றிவிட்டார்கள் என்று கேள்வி. இனி அந்தப் பக்கம் யாரும் மைக்கில் இரத்தம் கேட்டால் ஓடிவருவார்களா என்பதும் சந்தேகம்தான். டேப் உங்களிடம் இருக்கிறது. அதை மட்டும் நல்ல டெக்கில் போடுங்கள், பழைய டெக் நாடாவைக் கடித்துவிடும்.

முழுவதும் சொல்லிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. சத்தியபாய் சிஸ்டர் போன மாதம் இறந்துவிட்டார், டேப்பில் என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் இருக்கிறது. அதனால் நான் சொன்னால்தான் உண்டு. அன்றைக்கு அவர் விபினை அனுப்பச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "அவன் வாசிச்சுக்கிட்டிருந்தா இருக்கட்டும் ஸாரே. நீங்க வந்தாலும் மதி, அது போதும். ஒங்களுக்கும் ஓ நெகட்டிவ்தானே, முன்ன ஒருக்க தந்தீங்கல்லா." ஆமா என்றேன். நீங்கள் டேப்பில் கேட்ட இரண்டாவது ஆமா அதுதான். ஜீப் வாசலில் நின்றது. நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் விபின் கண்ணைத் திறந்திருக்கவே மாட்டான், வாசிப்பு நின்றிருக்காது, டேப்பும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் மட்டும் அதை நேரில் கேட்டிருக்க மாட்டேன்.